பாக்குவெட்டியில் வெட்டிய மாத்திரை

கேள்வி: என் கணவருக்கு வயது 43. 2018-இல் என் மாமியார் கிட்னி கொடுத்து சென்னையில் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. 2021 மே மாதம் கொரோனா வந்து 17 நாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு கிடந்தார். கிட்னி வேலை குறைந்தால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின், 1.2 இருந்தது 1.7 ஆகி அங்கேயே நிற்கிறது. அதற்குப் பிறகு வெளியே போவதே இல்லை, ஜெராக்ஸ் கடையை அவர் தம்பிதான் பார்க்கிறார். மறுபடி கொரோனா என்று செய்தி வந்ததும் சொந்தக்காரர் ஒருவர், "அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அந்த மாத்திரையை நிறுத்தியதால்தானே பிழைத்தாய், அதுதான் எதிர்ப்பு சக்தியைக் கொல்கிறது" என்று சொல்லிவிட்டார். இரண்டு மாதமாக, புதுக் கிட்னியை உடம்பு தாக்காமல் இருக்கப் போடும் மைக்கோபினோலேட் மாத்திரையை என் மாமியாரின் பாக்குவெட்டியில் வைத்துப் பாதியாக வெட்டித்தான் போடுகிறார். டாக்டருக்குத் தெரியாது. மாமியார் தினமும் கபசுரக் குடிநீர் வேறு காய்ச்சிக் கொடுக்கிறார். கிட்னியே கொடுத்தவரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அடுத்த மாதம் என் தம்பி கல்யாணம், அதற்கும் வரமாட்டேன் என்கிறார். இவர் கடைசிவரை இப்படியேதான் இருக்க வேண்டுமா?
- பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்:

சகோதரி, கல்யாணத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் போனை எடுங்கள். இந்தப் பதிலைப் படித்து முடிக்காவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் கணவருக்கு வைத்தியம் பார்க்கும் டிரான்ஸ்பிளான்ட் டாக்டருக்கோ அங்கே இருக்கும் கோஆர்டினேட்டருக்கோ போன் செய்து, "இரண்டு மாதமாக மைக்கோபினோலேட் பாதி அளவுதான் போகிறது" என்று அப்படியே சொல்லிவிடுங்கள். திட்டுவார்களே என்று பயப்படாதீர்கள். இருபது வருடத்துக்கு மேலாக இந்த நோயாளிகளைப் பார்த்து வருகிறேன், மாத்திரையைக் குறைத்ததைச் சொன்னவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை, சொல்லாமல் மறைத்துவிட்டு ஆறு மாதம் கழித்துக் கால் வீங்கி வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போதுதான் மனசு உடைந்து போகிறது.

முழு அளவுக்குத் திரும்புவதையும் அவர்களைக் கேட்டே செய்யுங்கள். கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், டாக்ரோலிமஸ் லெவல் (எதிர்ப்பு சக்தியை அடக்கும் இன்னொரு மாத்திரை ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது) ஆகியவற்றைப் பார்க்கச் சொல்வார்கள், தேவைப்பட்டால் கிட்னிக்கு எதிராக ரத்தத்தில் ஆன்டிபாடி உருவாகியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். டாக்ரோலிமஸ் லெவலுக்கு ரத்தம் கொடுக்கும் அன்று காலை மாத்திரையைப் போடாமல் போக வேண்டும், ரத்தம் எடுத்த பிறகுதான் போட வேண்டும். நிறைய பேர் காலையில் வழக்கம்போல் மாத்திரையைப் போட்டுவிட்டு லேபுக்குப் போகிறார்கள், லெவல் எக்கச்சக்கமாகக் காட்டும், அதை நம்பி அளவைக் குறைத்தால் அதுவே தப்பாகிவிடும்.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம், உடம்பு புதுக் கிட்னியை ஏற்காமல் தாக்குகிற கிட்னி ரிஜெக்‌ஷன் பெரும்பாலும் வலிக்காது. காய்ச்சல் இருக்காது, சிறுநீர் வழக்கம்போல் போய்க்கொண்டிருக்கும், ஆள் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருப்பார். கிரியாட்டினின் மட்டும் 1.7-லிருந்து 2-க்கும் பிறகு 2.4-க்கும் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும். "எனக்கு ஒன்றும் இல்லையே, பாதி மாத்திரையிலும் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று உங்கள் கணவர் சொன்னால் அதை நம்பிவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனை சொல்லட்டும்.

அந்தப் பாக்குவெட்டியையும் விட்டுவிடுங்கள். மைக்கோபினோலேட் வெட்டவோ பொடிக்கவோ கூடாத மாத்திரை. அதன் தூள் வயிற்றில் இருக்கும் குழந்தைக்குக் கேடு செய்யக்கூடியது, கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பம் ஆகக்கூடிய வயதில் இருப்பவர்களும் அதைத் தொடவே கூடாது. வெட்டியது அவராகவே இருந்தாலும் அதே பாக்குவெட்டியை வீட்டில் எத்தனை பேர் எடுப்பார்கள்!

இனி அந்தச் சொந்தக்காரர் சொன்ன பேச்சுக்கு வருகிறேன். அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் உங்கள் கணவர் நம்பிவிட்டார். 2021 மே மாதம் ஆஸ்பத்திரியில் மைக்கோபினோலேட்டை நிறுத்தியிருப்பார்கள். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் செய்தோம். ஆக்சிஜன் தேவைப்படும் அளவுக்குக் கொரோனா முற்றிய நோயாளிக்கு அந்த ஒரு மருந்தை நிறுத்திவிட்டு, டாக்ரோலிமஸைக் குறைத்தோ அப்படியே வைத்தோ, ஸ்டீராய்டைக் கூட்டிக் கொடுப்போம். கவனியுங்கள், ஸ்டீராய்டு கூடியது. அதுவும் எதிர்ப்பு சக்தியை அடக்குகிற மருந்துதான், ஆனால் அந்த நாட்களில் கிட்னிக்கும் அதுதான் காவல், நுரையீரல் வீக்கத்துக்கும் அதுதான் வைத்தியம். அவர் படுக்கையில் இருந்தார், தினமும் ரத்தம் பார்த்தார்கள், உயிரா கிட்னியா என்று வந்தால் உயிர்தான் என்று தெரிந்தே சில வாரங்களுக்கு அந்த ஆபத்தை எடுத்தார்கள், உடம்பு தேறியதும் மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார்கள். இப்போது அவருக்கு நோயே இல்லை, ரத்தம் பார்ப்பாரும் இல்லை. வராத வைரஸுக்குப் பயந்து, இருக்கிற கிட்னியைப் பணயம் வைக்கிறார்.

அந்த மாத்திரை அடக்குவது குறிப்பாக ரத்தத்தில் இருக்கும் சில வெள்ளை அணுக்களை. வைரஸைக் கண்டுபிடித்து அழிப்பதும் அவைதான், மாமியாரின் கிட்னியைப் பார்த்து "இது நம் ஆள் இல்லை" என்று தாக்கக் கிளம்புவதும் அவைதான். பெற்ற தாயின் கிட்னி என்றாலும் உடம்பின் கணக்கில் பாதிதான் பொருந்தும், மீதிப் பாதி அந்நியம். வைரஸுக்கு மட்டும் கையை அவிழ்த்துவிட்டு கிட்னிக்குக் கட்டிவைக்கிற வித்தை எந்த மாத்திரைக்கும் இன்னும் தெரியாது.

பயமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2020-இல் முதல் அலையின்போது இந்தியாவில் 13 மையங்களில் கிட்னி மாற்று செய்தவர்களில் கொரோனா வந்த 250 பேரைத் தொகுத்துப் பார்த்தார்கள். 11.6 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். வென்டிலேட்டர் வரை போனவர்களில் ஏறக்குறைய யாரும் திரும்பவில்லை. அதே காலத்தில் கொரோனா வந்த பொதுமக்களோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு. 2021 மே மாதத்தில் 17 நாள் ஆக்சிஜனில் கிடந்து வீட்டுக்குத் திரும்பிய மனிதர் வாசல் தாண்ட பயப்படுவதை நான் கோழைத்தனம் என்று சொல்லவே மாட்டேன். அந்த வார்டில் பக்கத்துக் கட்டிலில் அவர் என்னென்ன பார்த்தாரோ, உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க மாட்டார்.

வைரஸே வராமலும் எத்தனையோ பேர் 2020-இல் கிட்னியை இழந்தார்கள். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததும் பஸ் நின்றது, ஓபி நின்றது, மாற்று அறுவை சிகிச்சைகளும் பெரும்பாலும் நின்றுபோயின. வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு வர வேண்டியவர்கள் மட்டும் எப்படியாவது வந்தே ஆக வேண்டும். அந்த ஏப்ரலில் ஒரு விவசாயி, புதுக்கோட்டைப் பக்கம், மாதாமாதம் சென்னைக்கு வந்து மாத்திரை வாங்கிப் போகிறவர், வர வழியில்லாமல் கையில் இருந்ததை இரண்டு நாளைக்கு ஒரு வேளை என்று நீட்டியிருக்கிறார். ஜூன் மாதம் இ-பாஸ் வாங்கி ஒரு வாடகைக் காரில் வந்து இறங்கியபோது முகமெல்லாம் ஊதியிருந்தது. மடித்த வேட்டி முனையைப் பிரித்து, மிச்சம் வைத்திருந்த நாலு காப்ஸ்யூலை எடுத்துக் காட்டினார். தீரவே இல்லை பாருங்கள், சிக்கனமாகத்தான் இருந்தேன் என்றார். அவருக்குக் கொரோனா வரவே இல்லை. இன்றைக்கு டயாலிசிஸில் இருக்கிறார். உங்கள் கடிதத்தில் பாக்குவெட்டி என்று படித்ததும் எனக்கு அந்த நாலு காப்ஸ்யூல்தான் கண்ணில் வந்தது.

2021-இலிருந்து இன்றைக்கு என்ன மாறியிருக்கிறது என்று கேட்டால், நிறையவே மாறியிருக்கிறது. ஒமிக்ரானுக்குப் பிறகு வந்த வகைகள் டெல்டா அளவுக்கு நுரையீரலைப் பிடிப்பதில்லை. உங்கள் கணவர் ஒருமுறை நோயைத் தாண்டி வந்தவர், தடுப்பூசியும் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது. ஆனால் மாற்று உறுப்போடு வாழ்பவர்களுக்கு அந்த அறிவிப்பு முழுதாகப் பொருந்தாது. இவர்கள் உடம்பில் தடுப்பூசி மற்றவர்களுக்குப் போல் வேலை செய்வதில்லை. பிரான்சில் எம்ஆர்என்ஏ என்கிற வகைத் தடுப்பூசி போட்ட 101 மாற்று உறுப்பு நோயாளிகளைப் பரிசோதித்தபோது, முதல் ஊசிக்குப் பின் 4 சதவீதம் பேருக்குத்தான் ஆன்டிபாடி இருந்தது, இரண்டாவது ஊசிக்குப் பின் 40 சதவீதம், மூன்றாவதற்குப் பின் 68 சதவீதம். நம் ஊரில் போட்டது பெரும்பாலும் கோவிஷீல்டும் கோவாக்சினும், அதனால் அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒவ்வொரு ஊசிக்கும் ஏறுகிறது பாருங்கள், அதுதான் இங்கே விஷயம். இப்போது எந்த ஊசி கிடைக்கிறது, எப்போது போடலாம் என்று போன் செய்யும்போதே கேளுங்கள். ஃப்ளூ ஊசி வருடா வருடம், நிமோனியா ஊசியும் அவருக்கு வேண்டும்.

அவருக்குப் போடும் ஊசி பாதி வேலைதான் செய்யும் என்பதால் மீதிப் பாதியை வீட்டில் இருக்கிற நீங்கள்தான் செய்ய வேண்டும். நீங்கள், மாமியார், கடைக்குப் போய்வரும் கொழுந்தனார் எல்லோரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள். உங்களில் யாருக்காவது சளி, காய்ச்சல் என்றால் முகக்கவசத்தை நீங்கள் போடுங்கள், அவர் வேறு அறையில் ஜன்னலைத் திறந்து வைத்துப் படுக்கட்டும். நான்கு வருடமாக அந்த மனிதரே முகக்கவசத்துக்குள் இருக்கிறார், கொஞ்சம் நாம் போடலாம். வீட்டில் குழந்தைகள் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை, இருந்தால் அம்மை ஊசிகளைப் பயமில்லாமல் போடலாம். போலியோ சொட்டு மருந்தில் இருக்கும் உயிருள்ள கிருமி குழந்தையின் மலத்தில் வெளியேறி மற்றவருக்குப் பரவக்கூடியது, அதற்குப் பதில் ஊசியாகப் போட முடியுமா என்று குழந்தை டாக்டரிடம் கேளுங்கள்.

காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பது இன்றே முடிவாகியிருக்க வேண்டும், காய்ச்சல் வந்த ராத்திரியில் யோசிக்கக் கூடாது. தெர்மாமீட்டர், விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர், ஒரு கொரோனா பரிசோதனை கிட், இவை மூன்றும் வீட்டில் இருக்கட்டும். 100.4 டிகிரியைத் தொட்டால் அன்றே டிரான்ஸ்பிளான்ட் மையத்துக்குப் போன், மூன்று நாள் பார்ப்போம் என்பதே வேண்டாம். கிட்டில் நெகட்டிவ் வந்தாலும் ஆர்டிபிசிஆர் எடுங்கள். கொரோனாவுக்கு இப்போது இருக்கும் மருந்துகள் முதல் ஐந்து நாட்களுக்குள், ஏழு நாட்களுக்கு மிஞ்சாமல், கொடுத்தால்தான் பலன். 2021-இல் நாம் இழந்த பலரும் எட்டாம் நாள் மூச்சு முட்டிய பிறகுதான் வந்து சேர்ந்தவர்கள்.

இதில் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். பாக்ஸ்லோவிட் என்கிற கொரோனா மாத்திரையில் ரிட்டோனாவிர் என்று ஒன்று சேர்ந்திருக்கிறது. அது டாக்ரோலிமஸைக் கல்லீரல் வெளியேற்ற விடாமல் தடுத்துவிடும், இரண்டு மூன்று நாளிலேயே ரத்தத்தில் லெவல் பல மடங்கு ஏறி, கை நடுங்கி, கிட்னியே அடிபடும். கொடுக்கவே கூடாது என்றில்லை. டாக்ரோலிமஸை நிறுத்திவைத்து, லெவல் பார்த்துப் பார்த்துத் திரும்ப ஆரம்பிக்கத் தெரிந்த டாக்டர்தான் கொடுக்க வேண்டும். மூன்று நாள் ரெம்டெசிவிர் ஊசிக்கு இந்தச் சிக்கல் கிடையாது, பல நேரம் அதைத்தான் நாங்கள் தேர்ந்தெடுப்போம். கொரோனா இல்லாத சாதாரண நேரத்திலும் இதே கதைதான்: தொண்டை வலிக்கு கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், படர்தாமரைக்கு ஃப்ளூகோனசோல், மூன்றுமே டாக்ரோலிமஸை ஏற்றும். உடம்பு வலிக்குப் பாராசிட்டமால் போதும், டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் கிட்னிக்கு ஆகாது. பேதி வந்தாலும் டாக்ரோலிமஸ் லெவல் ஏறும், அதனால் இரண்டு நாள் விடாமல் போனால் அதற்கும் போன் செய்யுங்கள். "கிட்னி மாற்று நோயாளி, டாக்ரோலிமஸ் எடுக்கிறார், எந்தப் புது மருந்துக்கும் முன் இந்த எண்ணை அழைக்கவும்" என்று ஒரு சீட்டில் எழுதி அவர் போன் கவருக்குள் வைத்துவிடுங்கள். பக்கத்துத் தெரு கிளினிக்கில் அவசரத்துக்குப் பார்க்கும் டாக்டர் நல்லவராகத்தான் இருப்பார், ஆனால் அவருக்குத் தெரிந்தால்தானே.

அடுத்து கபசுரக் குடிநீர். உங்களுக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருக்கிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. 2020-இல் தெருமுனையில் அண்டாவில் வைத்து ஊருக்கே ஊற்றிய குடிநீர் அது, நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் 15 சரக்குகள் இருக்கின்றன, சீந்தில் தண்டு, திப்பிலி, நிலவேம்பு, சுக்கு, கடுக்காய் என்று. சீந்தில் எதிர்ப்பு சக்தியைத் தூண்டுவதற்கென்றே கொடுப்பது, நாம் மாத்திரை போட்டு அடக்குவதும் அதையேதான். சீந்திலைத் தினமும் குடித்துக் கல்லீரல் வீங்கியவர்களை மும்பை டாக்டர்கள் 2021-இல் பதிவு செய்திருக்கிறார்கள். திப்பிலியில் இருக்கும் காரச் சத்து மற்ற மருந்துகளின் லெவலை மாற்றக்கூடியது. ஒருபக்கம் மாத்திரையைப் பாதியாக்கி, மறுபக்கம் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிட்டு, இரண்டு மாதமாக அந்தக் கிட்னி இரண்டு பக்கமும் அடி வாங்கிக்கொண்டிருக்கிறது. ரசத்தில் மிளகு, பாலில் ஒரு சிட்டிகை மஞ்சள் எல்லாம் தாராளமாக இருக்கட்டும், சமையலுக்கு நான் தடை போடவில்லை. கஷாயமாக, சூரணமாக, மஞ்சள் காப்ஸ்யூலாகத் தினமும் போவதுதான் வேண்டாம். பம்பளிமாஸ் பழமும் வேண்டாம், அதுவும் டாக்ரோலிமஸை ஏற்றும்.

மாமியாரிடம் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, நானே சொல்கிறேன். இந்தப் பத்தியை மட்டும் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அம்மா, உங்கள் கிட்னி உங்கள் மகனுக்குள் இத்தனை வருடமாக வேலை செய்கிறது. கொரோனாவிலும் அது தாக்குப்பிடித்து நின்றது. உங்கள் மகனுக்குக் கெடுதல் வரக்கூடாது என்றுதான் விடியற்காலையில் எழுந்து கஷாயம் வைக்கிறீர்கள், அது எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் நீங்கள் கொடுத்ததைக் காப்பாற்றுகிற மருந்தோடு அந்தக் கஷாயம் சண்டை போடும் அம்மா. நாளையிலிருந்து கஷாயத்துக்குப் பதில் இன்னொரு வேலை தருகிறேன்: காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் அவர் டாக்டர் சொன்ன அளவு மாத்திரையை வெட்டாமல் விழுங்கினாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு வேளை தப்பினாலும் எனக்குச் சொல்கிற மாதிரி அவர் டாக்டருக்குச் சொல்லுங்கள். அப்புறம், நீங்கள் கடைசியாக எப்போது பிபியும் கிரியாட்டினினும் பார்த்துக்கொண்டீர்கள்? ஒரு கிட்னியோடு இருப்பவர் வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும். மகனோடு சேர்ந்து நாளைக்கு நீங்களும் லேபுக்குப் போய் வாருங்கள்.

சரி, இப்போது கல்யாணம். போகலாம், போக வேண்டும் என்பதே என் அபிப்பிராயம், ரிசல்ட் ஒழுங்காக வந்து அவர் டாக்டரும் சரி என்றால். எப்படிப் போவது என்பதில்தான் யோசனை. ஏசி ஹாலில் கதவெல்லாம் சாத்தி ஐந்நூறு பேர் வரிசையில் நின்று கைகுலுக்கும் ரிசப்ஷனுக்கு வேண்டாம். விடியற்காலை முகூர்த்தத்துக்கு வரட்டும், கதவுப் பக்கம் காற்று வரும் இடத்தில் நாற்காலி போட்டு, என்95 போட்டுக்கொண்டு உட்காரட்டும், தாலி கட்டியதும் அட்சதை போட்டுவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்பட்டும். பந்தி வேண்டாம், நூறு பேர் ஒன்றாக முகக்கவசத்தைக் கழற்றும் இடம் அது, சாப்பாட்டை வீட்டுக்குச் சூடாக எடுத்து வரச் சொல்லிவிடுங்கள். உங்கள் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அப்படி யாராவது எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும்.

கடைக்கும் அப்படித்தான். ஜெராக்ஸ் கடை தெருவைப் பார்த்துத் திறந்துதானே இருக்கும்? காலை கூட்டம் வருவதற்கு முன் இரண்டு மணி நேரம், கல்லாப் பக்கம் ஒரு டேபிள் ஃபேன், வெளியே காற்றைத் தள்ளுகிற மாதிரி திருப்பிவைத்து. முதல் வாரம் ஒரு மணி நேரம் போதும். அப்போதும் படி இறங்கும்போது நெஞ்சு படபடக்கிறது, ராத்திரி தூக்கமில்லை, ஆஸ்பத்திரி ஞாபகம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், மனநல டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்வார்கள். ஐசியூவிலிருந்து வந்தவர்களுக்கு இது சகஜம், அதற்கு வைத்தியம் இருக்கிறது. மனநல மாத்திரைகளிலும் சில டாக்ரோலிமஸோடு மோதும், அதனால் அந்த டாக்டரிடமும் போன் கவரில் இருக்கும் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

போன் செய்துவிட்டீர்களா? நாளைக் காலை மாத்திரைக்கு முன் ரத்தம். கிரியாட்டினின் எவ்வளவு வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், மாமியாருடையதையும் சேர்த்து.